முகாமில் ஒரு பையன் – கடிதம்

வணக்கம் ஐயா,

மண்டபம் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். முன்பு என்னிடம் படித்த பையன் டிகிரி முடித்துவிட்டுப் பெயின்ட் வேலைக்குப் போகிறான். “இருந்து என்ன சார் ஆகப்போகுது” என்று அடிக்கடி சொல்கிறான். நேராகக் கேட்கப் பயம். இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டால்? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், முகாமைக் கண்காணிக்கும் கியூ பிரிவு உளவுப் போலீஸ் என்று ஆகிவிடும் என்கிறார் அவன் அம்மா. வெளியாள் நான் என்ன செய்வது?

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், அடையாளங்களை மாற்றி இங்கேயும்.

கேளுங்கள். “சாகணும்னு தோணுதா தம்பி?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். “அம்மாவை நினைச்சுப் பார்” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். குற்ற உணர்ச்சி அவனிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும். 14416 என்ற ‘டெலி மனாஸ்’ அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு.

அம்மாவின் பயத்தை அசட்டுப் பயம் என்று சொல்லமாட்டேன். பதிவும் கணக்கெடுப்புமாகவே வாழ்பவர்கள் அவர்கள். ஆனால் மனசுக்குச் சரியில்லை என்று டாக்டரிடம் சொல்வது எந்தக் காலத்திலும் கேஸ் இல்லை. தற்கொலைக்கு முயன்றவர்களைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. குடியுரிமை இருக்கிறதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. அவர்களுக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் அதிலேயே இருக்கிறது.

வெளியாள் என்ற தயக்கம் நியாயமானது. சென்னையில் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு தமிழக அகதி முகாம்களிலேயே ஒரு முயற்சி செய்து, 2017இல் முடிவை வெளியிட்டது. முகாம்வாசிகளையே தன்னார்வலர்களாகப் பழக்கினார்கள். அவர்கள் செய்தது, வீடு தேடிப் போய்த் தவறாமல் பேசியது. அப்புறம், நெருக்கடி வந்தால் என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்று சம்பந்தப்பட்டவரையே யோசிக்க வைத்து ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தது. தற்கொலை முயற்சிகள் குறைந்தன. ஆகவே முகாமுக்குள்ளேயே அவன் மதிக்கும் அண்ணனோ அக்காவோ ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் இரண்டாவது ஆளாக இருங்கள்.

இதோடு முடிந்துவிடாது என்பதுதான் என் மனத்தாங்கல். இதே தமிழ், இதே கடல்; ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைக்கும் பொதுவாகக் குடியுரிமை கிடைப்பதில்லை, அதனால் அரசு வேலையும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. 2021இல் இங்கே மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றினார்கள். சரி, பெயர் மாறியது. இப்படியிருக்க, அவனிடம் “எல்லாம் சரியாகிடும்” என்று சொன்னால் நம்பமாட்டான். இந்த நிலைமை அவன் குறையில்லை என்று சொல்லுங்கள், அது உண்மை.

பையன் என்ன படித்தான் என்று எழுதவில்லையே? எழுதுங்கள். ராமநாதபுரத்தில் தெரிந்த இரண்டொருவரிடம் வேலைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.