மலைக்கு ஒரு பாட்டுப்பெட்டி

வாசகர் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியிருப்பது கம்பத்தில். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. காலையும் மாலையும் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போய்வருகிறேன். ஏற்றத்தில் போனில் பாட்டு நின்று நின்று வரும், தோட்டத்துக்குள் சிக்னலே கிடையாது. போன் சார்ஜும் ஆள்கணக்குக்கும் போட்டோவுக்கும்தான் சரியாக இருக்கிறது. அதனால் தனியாக ஒரு பிளேயர் வேண்டும் என்று 900 ரூபாய்க்கு ஒன்றும் 128 ஜிபி கார்டு ஒன்றும் வாங்கினேன். பாட்டு வரிசையாக வருவதில்லை. பத்து நாளில் பாதிப் பாட்டு ஊமையாகிவிட்டது. பெயர் தெரிகிறது, சத்தம் இல்லை.

என்னிடம் சினிமாப் பாட்டு 4000 இருக்கும், பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3. அப்பா சேர்த்த நாகஸ்வர, கச்சேரி கேசட்டுகளை மாற்றி வைத்தது ஃபிளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) 25 ஜிபி. இன்னும் 40 கேசட் மாற்றாமல் கிடக்கிறது. குமுளி கடைச் சேட்டன் சிடியைவிட நுணுக்கமான ஒலியைப் பாடும் ‘ஹை-ரெஸ்’ பிளேயர் எடுக்கச் சொல்கிறார். கோட்டயத்தில் இருக்கும் மச்சான் தன் பழைய ஐபாட் கிளாசிக்கை 5000-க்குத் தருகிறேன் என்கிறார். என் பட்ஜெட் 7000. எதை எடுக்கட்டும்?

(பெயர் வேண்டாம்), கம்பம்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

புதிதாக எதையும் எடுப்பதற்கு முன்னால் அந்த ஊமைப் பாட்டுகளைப் பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குக் காரணம் பிளேயராக இருக்காது, கார்டாகத்தான் இருக்கும். போலி கார்டுகளில் உண்மையில் 8 அல்லது 16 ஜிபி நினைவகம்தான் இருக்கும். உள்ளிருக்கும் கன்ட்ரோலர் மட்டும் கம்ப்யூட்டரிடம் ‘128’ என்று பொய் சொல்லும். எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கார்டின் தொடக்கத்தில் எழுதப்படுவதால் அது பத்திரமாக இருக்கும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது ஏற்கெனவே எழுதியதன் மேலேயே விழும். பெயர் தெரிந்தும் சத்தம் வராதது இதனால்தான்.

சோதிப்பது எளிது. விண்டோஸில் ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸில் ‘எஃப்3’, இரண்டும் இலவசம். கார்டைக் காலி செய்துவிட்டு ஓட்டினால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் 128 ஜிபி எழுத மட்டுமே 1 மணி 50 நிமிடம் ஆகும், படிப்பதற்கு மேற்கொண்டு நேரம். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். புதுக் கார்டு வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பாட்டு ஏற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

வரிசை குலைவதற்குக் காரணம் வேறு. விலை குறைந்த பிளேயர்கள் அகரவரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் பாடும். இடையில் ஒரு பாட்டை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினால், பட்டியலில் காலியான அந்த இடத்திலேயே புதுப்பாட்டு போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கடைசியாக ஏற்றியது நட்டநடுவில் பாடுவது இப்படித்தான். பெயருக்கு முன்னால் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். பிறகு ஃபோல்டரை முழுக்க அழித்து, வரிசையாக மறுபடி ஏற்றுங்கள். புதிதாக வாங்கப்போகும் பிளேயர் பெயர்வரிசைப்படி பாடுகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

இனி இடக்கணக்கு. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 4000 என்றால் 20 ஜிபி. ஃபிளாக் 25. மிச்சமுள்ள 40 கேசட்டும் சி-60 என்று வைத்துக்கொண்டால் 80 பக்கம், பக்கத்துக்கு 30 நிமிடம். சிடி தரத்தில் சுருக்காமல் வைத்தால் அரைமணிக்கு 317 எம்பி. ஃபிளாக் அதைப் பாதிக்குச் சற்று மேலாகச் சுருக்கும். ஆனால் கேசட்டின் ‘உஸ்’ஸென்ற இரைச்சலைச் சுருக்க முடியாது, ஆகவே பக்கத்துக்கு 200 எம்பி ஒதுக்குங்கள். 16 ஜிபி. மொத்தம் 61. ‘64 ஜிபி’ கார்டைச் செருகினால் விண்டோஸ் 59 சொச்சம்தான் காட்டும். 1000-க்கும் 1024-க்கும் உள்ள கணக்கு வித்தியாசம் அது, ஏமாற்றில்லை. நம் 61-உம் அந்தக் கணக்கில் 57 ஆகிவிடும், எப்படியோ நுழையும், ஆனால் மேற்கொண்டு சேர்க்க இடமிருக்காது. எனவே 128 ஜிபி, பெயர் தெரிந்த கம்பெனியுடையது, பில்லோடு.

ஒரு சிக்கல் வரலாம். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும். சில பிளேயர்கள் பழைய முறையான ஃபேட்32 மட்டுமே படிக்கும். கார்டைப் போட்டதும் ‘கார்டு இல்லை’ என்று சொன்னால் பிளேயர் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் திரை 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது, அதற்கென்று இலவசக் கருவிகள் இருக்கின்றன. அல்லது பிளேயரின் மெனுவிலேயே ஃபார்மேட் இருந்தால் அதில் செய்வதே மேல்.

ஹை-ரெஸ் விஷயத்தில் சேட்டன் சொல்வதைக் கேட்க வேண்டாம். சாதாரண கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் தேறாது. மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி அதில் 50, 60 டெசிபல். சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் 22 கிலோஹெர்ட்ஸ் வரையும் 96 டெசிபல் வரையும் தாங்கும். அரைப்படி அரிசிக்கு ஒரு மரக்கால் போதும்; குதிர் எதற்கு? 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றுவதும் வீண்வேலை. போன விவரம் திரும்பி வராது, கோப்பு மட்டும் வீங்கும். பெட்டியில் இருக்கும் பொன்னிற ‘ஹை-ரெஸ்’ ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசை நல்ல இயர்போனுக்குக் கொடுங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியப்போவது அங்கேதான்.

உங்கள் சேகரிப்புக்கு உண்மையிலேயே தேவையான ஒன்றை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்: இடைவெளி இல்லாமல் பாடும் வசதி, கடைமொழியில் ‘கேப்லெஸ்’. கச்சேரிப் பதிவை ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் என்று துண்டு போட்டு வைத்திருப்போம். தவில் முத்தாய்ப்புக்குப் போகும் இடத்தில் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும். அங்கே அரைநொடி மௌனம் விழுந்தால் தாளமே உதறிப்போகும். எம்பி3-இல் இந்த மௌனத்தில் கொஞ்சம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எம்பி3 கோப்பு 1152 ஒலி மாதிரிகள் கொண்ட சட்டங்களாகத்தான் (சிறு துண்டுகளாக) எழுதப்படும், ஒரு சட்டம் 26 மில்லிசெகண்ட். கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் வெற்று ஒலியால் நிரப்புவார்கள், தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பைப் படித்து வெட்டத் தெரிந்த பிளேயரால்தான் ஒட்டிப் பாட முடியும். ஃபிளாக்கில் இந்த நிரப்பல் இல்லை. ஆனாலும் அடுத்த கோப்பை முன்கூட்டியே திறந்து வைக்காத பிளேயர் அதிலும் தடுக்கும். பிரியாமல் ஓடும் கச்சேரித் துண்டு இரண்டைக் கார்டில் கொண்டுபோய் கடையில் போட்டுக் கேளுங்கள். ஒரு நிமிடச் சோதனை.

அடுத்த சோதனை தமிழ். ஒரு கோப்புக்குக் ‘கேதாரகௌளை’ என்று பெயர் வையுங்கள். ஒரே சொல்லில் இரட்டைச்சுழிக் கொம்பு, கால், ஔகாரம், ஐகாரம் எல்லாம் வந்துவிடும். சில பிளேயர்கள் வரிசையாகக் கட்டம் போடும்: எழுத்துருவே இல்லை. சில, எழுத்தைக் காட்டிவிட்டுக் கொம்பை ‘க’வுக்குப் பின்னால் ஒட்டும்: எழுத்துரு உண்டு, கோக்கத் தெரியாது. இரண்டாவது ரகத்தோடு பழகிக்கொள்ளலாம், முதல் ரகம் வேண்டாம். பழைய பாட்டுகளின் உள்விவரத்தில் (கோப்புக்குள் இருக்கும் பாட்டு, பாடகர் பெயர்) ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கந்தரகோளமாக இருந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துமுறை. பிளேயர்மேல் குற்றமில்லை. ‘எம்பி3டேக்’ மென்பொருளில் யூனிகோடில் அடித்து, ஐடி3 (உள்விவரம் எழுதும் முறை) பதிப்பு 2.3, யூடிஎஃப்-16 என்று சேமித்தால் பெரும்பாலான பிளேயர்கள் படிக்கும். 4000 பாட்டுக்கும் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. ஃபோல்டராகப் பிரித்து வைத்து, ஃபோல்டர் வழியாகவே பாடவையுங்கள். அதனால் ஃபோல்டர் பார்வை இல்லாத பிளேயரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பட்டனா, தொடுதிரையா? பட்டன். மழைக்காலத்தில் ஈரவிரலுக்குத் தொடுதிரை தாறுமாறாகக் குதிக்கும், காய்க்கறை பிடித்த விரலென்றால் சொல்லவே வேண்டாம். பாடு-நிறுத்து, முன்-பின், சத்தம் இவற்றுக்குப் பக்கவாட்டில் தனிப்பட்டனும், ஜீப்பில் தானாக அமுங்காமல் இருக்கப் பூட்டும் இருந்தால், மற்றதற்குச் சின்னத் தொடுதிரை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆண்ட்ராய்டு போட்ட பிளேயர் உங்கள் பட்ஜெட்டில் வந்தாலும் ஒதுக்குங்கள். செயலி வழியாக ஆன்லைன் பாட்டு கேட்பவருக்கு அது. சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கூடுதல் எடையைச் சுமப்பது பேட்டரிதான். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு திரையை அணைத்து, புளூடூத் இல்லாமல், குறைந்த சத்தத்தில் எம்பி3 ஓட்டி அளந்தது. மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு பாருங்கள்.

மச்சானின் ஐபாட். கிளாசிக் மாடலை ஆப்பிள் 2014-இல் நிறுத்தியது, ஐபாட் என்ற வகையையே 2022 மே மாதத்தில் முடித்துக்கொண்டது. உள்ளே 1.8 அங்குலத்தில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கம்பம்மெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் தினம் இரண்டு வேளை ஜீப்பில் குலுங்க அதை ஏற்ற வேண்டாம். ஃபிளாக்கையும் அது நேரடியாகப் பாடாது. ஆப்பிளின் சொந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது ராக்பாக்ஸ் என்ற வேறு மென்பொருளைப் போட வேண்டும். டிஸ்க்குக்குப் பதில் கார்டு பொருத்துபவர்கள் உண்டு, ஆனால் உலோகக் கூட்டைத் திறப்பதற்குள் ஓரம் வளைந்துவிடும். நோண்டிப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு நல்ல பொருள். உறவையும் கெடுத்துக்கொள்ளாமல் ‘பத்திரமா வெச்சுக்கங்க மச்சான்’ என்று சொல்லிவிடுங்கள்.

ஆக நீங்கள் தேட வேண்டியது: ஆண்ட்ராய்டு இல்லாத, கைக்கடக்கமான, மைக்ரோ எஸ்டி போடும், 3.5 மில்லிமீட்டர் துளையும் டைப்-சி சார்ஜும் உள்ள பிளேயர். ஹைபி, ஷான்லிங், ஃபியோ கம்பெனிகளின் சின்ன மாடல்களில் இந்த ரகம் உண்டு. விலை மாதாமாதம் மாறும். கார்டுக்கும் இயர்போனுக்கும் 2000 ஒதுக்கிவிட்டு மீதியில் பாருங்கள். இந்திய வாரண்டி இல்லாத இறக்குமதிச் சரக்கு ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும். பேட்டரி ஊதினால் கேட்க நாதியில்லை. 4.4 மில்லிமீட்டர் ‘பேலன்ஸ்டு’ துளை உங்களுக்குத் தேவைப்படாது. 16 முதல் 32 ஓம் வரையான சாதாரண இயர்போனை இந்தச் சின்னப் பிளேயர்களே தாராளமாக ஓட்டும்.

இயர்போன் கம்பியுள்ளதாகவே இருக்கட்டும், ரப்பர் முனையோடு. ஜீப் இரைச்சலை முனை தடுத்தால் சத்தத்தை ஏற்றத் தோன்றாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணிநேரம், 80 டெசிபல். கம்பிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு: எஃப்எம் உள்ள பிளேயரில் அதுதான் ஏரியல். புளூடூத் மாட்டிக்கொண்டு கோடை பண்பலையை 100.5-இல் தேடினால் வெறும் இரைச்சல்தான் வரும். தோட்டத்துக்குள் ஒரு காதில் மட்டும் போடுங்கள், காட்டுமாடு ஹார்ன் அடித்துவிட்டு வராது.

சார்ஜில் ஒரு குழப்பம். இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளைப் போட்டால் சில மலிவுப் பிளேயர்கள் ஏறாது. துளையில் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டரைக் காசு மிச்சம் பிடிக்க விட்டிருப்பார்கள், சார்ஜர் ஆளைக் கண்டுகொள்ளாமல் மின்சாரம் தராமல் நிற்கும். பழைய சப்பை யூஎஸ்பி முனையுள்ள கேபிளில் போட்டால் ஏறும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மட்டும் பிளேயரை வைக்காதீர்கள். ஈரத்துக்குப் பயந்து வைப்பார்கள். அந்த அறையின் 50 டிகிரிச் சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பா போதும். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

மிச்சமுள்ள 40 கேசட்டையும் 16 பிட், 44.1-இலேயே பதியுங்கள். முதலில் கேசட் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். கேசட்டுக்குக் கேசட் ஒலி மந்தமாக இருந்தால் ஹெட் ஓரத்திலுள்ள ஸ்பிரிங் ஸ்க்ரூவைக் கால்சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்து, நாகஸ்வரம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். திருப்புவதற்கு முன் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக வைத்தால் கேப்லெஸ் தொல்லையே இல்லை. ஆனால் அரைமணிக் கோப்பைப் பாதியில் நிறுத்தி மாலை ஜீப்பில் தொடர, விட்ட இடத்தை நினைவில் வைக்கும் வசதி பிளேயரில் வேண்டும். கடையில் ஒரு பக்கத்தைப் பாதி ஓடவிட்டு, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.