குடிக்காமலே மிஷின் ‘குடித்திருக்கிறார்’ என்று காட்டினால் என்ன செய்வது?

எனக்கே நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

பாம்பன் பக்கம் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவன் நான். ஒருநாள் விடியற்காலை கரை இறங்கி, இருமலுக்கு ஹோமியோபதி சொட்டு மருந்தை நாக்கில் விட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் செக்கிங். "கண் சிவந்திருக்கு, நடையும் சரியில்ல, ஊது" என்றார் ஏட்டய்யா. ராத்திரி முழுக்க உப்புக் காற்றில் கண் விழித்திருந்தால் கண் சிவக்காமல் என்ன செய்யும்? படகில் நின்ற காலுக்குத் தரையும் கொஞ்ச நேரம் ஆடத்தான் செய்யும். முந்தின ஆள் ஊதிய குழாயிலேயே ஊதினேன். ரீடிங் 41.

சட்டப்படி அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும்.

அந்த மருந்தில் ஆல்கஹால் இருக்கிறது. மிஷின் நுரையீரலிலிருந்து வரும் காற்றை வைத்துத்தான் ரத்தத்தில் உள்ள அளவைக் கணக்குப் போடும். வாயில் ஒட்டியிருக்கும் மருந்து, மவுத்வாஷ் எல்லாம் ரீடிங்கை ஏற்றிவிடும். கால் மணி நேரம் போனால் அது அடங்கிவிடும். பாட்டிலைக் காட்டினேன், ஏட்டய்யா கேட்கவில்லை. "சார், இருபது நிமிஷம் கழிச்சுப் புதுக் குழாயில ஊதுறேன்" என்று எஸ்.ஐ.யிடம் கெஞ்சினேன். அவர் சரி என்றார். ரோட்டோரம் நான் நின்ற அந்த இருபது நிமிடமும், மீன் கூடையோடு போன எங்கள் ஊர்ப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஊதினேன். பூஜ்யம்.

எல்லாருக்கும் அப்படி ஒரு எஸ்.ஐ. கிடைக்கமாட்டார். ஊத மாட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், 205-வது பிரிவில் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். புதுக் குழாய் கேளுங்கள். ஊதும் முன் வெறும் காற்றில் மிஷின் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். நேரம் போட்ட அச்சுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவே சொல்கிறது. ரத்தம் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். குடிக்காதவனுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வாடை, தள்ளாட்டம், குழறல் இதை மட்டும் வைத்து ஒருவன் குடித்திருந்தான் என்று முடிவு கட்ட முடியாது என 1971-இல் பச்சுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எங்கள் கரையில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

போலீஸ் நிறுத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பாம்பன் பாலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். சரியாகச் சோதித்துப் பிடிக்கட்டும்.

அதே மருந்தைத்தான் இன்னும் சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்திய பிறகு.