ஒரே ஆள் வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரி, இன்ஸ்டாகிராமில் வேறு மாதிரி இருப்பது போலித்தனமா?

பெரும்பாலும் இல்லை. பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறுகிறது, அவ்வளவுதான். மாமியார் வீட்டுக் கூடத்தில் பேசுவது போலவா டீக்கடையில் பேசுகிறோம்?

நேரில் இந்த இடங்கள் தனித்தனியாக இருக்கும். சமூக வலைத்தளத்திலோ சித்தப்பா, மேலாளர், பள்ளித் தோழன் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் ஆட்கள் தாங்களே தட்டி கட்டி மறைத்துக்கொள்கிறார்கள். என் தங்கை மகள் ஒருமுறை தன் போனைக் காட்டினாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மார்கழிக் கோலம். பெரியப்பா உடனே கைகூப்பும் எமோஜி போட்டிருந்தார். அதே காலை, இன்ஸ்டாகிராமில் பூட்டி வைத்த இரண்டாவது கணக்கில், கொட்டிப்போன கோலமாவும் தூக்கம் கலையாத அவள் முகமும். அதைப் பார்ப்பவர்கள் மொத்தம் பதினொரு பேர். இரண்டுமே அவள்தான்.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். இன்ஸ்டாகிராம் 2016இல் ஒரே செயலிக்குள் கணக்கு மாற்றும் வசதியைத் தந்தது. 2018இல் நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் ஸ்டோரி காட்டும் பச்சை வட்டம் வந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வேண்டாதவர்களை விலக்கி வைக்கலாம். (அந்தப் பட்டியலைப் பார்த்தாலே குடும்பச் சண்டைகள் புரிந்துவிடும்!)

அப்புறம், எதைப் போடாமல் விடுகிறோம் என்பதும் முக்கியம். வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் வேலை கிடைத்த செய்தி வரும். அதற்கு முன் வந்த நிராகரிப்புகள் வராது. இதுவரை சரி. வாடகைக் காரைச் சொந்தக் கார் என்று போடுவதை மட்டும் போலி என்றே சொல்வேன்.