மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்: ஸ்கூட்டர் மின்கோளாறு கேள்வி பதில்

திண்டுக்கல்லில் ஸ்கூட்டர்களுக்கு மட்டும் மின்வேலை பார்க்கும் சிறிய கடையை இருபத்தாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஒருமுறை தேவையில்லாமல் பேட்டரி மாற்றப்பட்டவை. அந்த ஆதங்கத்தில்தான் இந்தப் பகுதிக்கு ஒப்புக்கொண்டேன். கேள்வி அனுப்புகிறவர்கள் வண்டியின் வயதையும், அது கார்புரேட்டரா எஃப்.ஐ.யா (கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் வகை) என்பதையும், பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் காட்டிய அளவையும் சேர்த்து எழுதுங்கள். அளவு இல்லாத கேள்விக்கு நான் ஊகம்தான் சொல்ல முடியும்.

கேள்வி (தஞ்சாவூர், ஆசிரியை): ஐயா, என் வண்டி 2016-ஆம் ஆண்டு வாங்கிய கார்புரேட்டர் ஸ்கூட்டர். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். புதியது போட்டால் பத்து நாள் செல்ஃப் எடுக்கிறது, பிறகு கிக்கர்தான். மூன்றாவது பேட்டரி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இரண்டு புதிய பேட்டரிகள் ஒரே மாதிரி படுத்திருக்கின்றன என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியே விரிசல் விட்டிருக்கலாம். மோட்டார் தண்ணீர் ஏற்றாமல் இருக்கலாம். இரவில் ஏதோ ஒரு குழாய் ஒழுகலாம். எது என்று கண்டுபிடிக்க மூன்று அளவுகள் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதுமானது.

முதலில் தொட்டி, அதாவது பேட்டரி. இரவு முழுவதும் வண்டி நின்ற பிறகு, காலையில் சாவி போடாமல், மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. பிறகு செல்ஃபை அழுத்திக்கொண்டே பாருங்கள். நிறைந்த பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே சரேலென்று விழுந்தால் அந்தப் பேட்டரியில் உயிர் இல்லை.

அடுத்து மோட்டார், அதாவது சார்ஜிங். என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைப் பாதி வரை திருகிப் பிடித்துக்கொண்டு, அதே முனைகளில் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 12.3-லேயே அசையாமல் நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்து வயிறு வீங்கும்.

கடைசியாக ஒழுகல். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணையுங்கள். இந்த நிலையில் சாவி போடவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒரு மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்குப் போடுங்கள்: 4 ஆம்பியர்-மணி பேட்டரி 200 மணி நேரத்தில், அதாவது எட்டே நாளில், நிறுத்திய இடத்திலேயே காலி. வெளியில் மாட்டிய திருட்டு அலாரம், ஜி.பி.எஸ். கருவி, சாவியைத் தாண்டி நேராக இணைத்த மொபைல் சார்ஜர் ஆகியவைதான் வழக்கமான திருடர்கள். உங்கள் பத்து நாள் கணக்கைப் பார்த்தால் முதல் சந்தேகம் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘சார்ஜிங் இருக்கிறதா’ என்று யாராவது பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். மூன்று அளவுகளையும் எடுத்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (விருதுநகர்): ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, செல்ஃப் பட்டனை அழுத்தினால் மட்டும் சத்தமே இல்லை.

பதில்: பிரேக் பிடித்துக்கொண்டுதானே அழுத்துகிறீர்கள்? பிடித்தபோது பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் லீவரின் அடியில் இருக்கும் பிரேக் சுவிட்ச் கோளாறு. இரண்டு பக்க லீவரையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். விலை மலிவான பாகம் அது. செல்ஃப் மோட்டாரைக் கழற்ற யாருக்கும் அனுமதி தராதீர்கள்.

கேள்வி (நாமக்கல்): 2012 வண்டி. மாதம் ஒருமுறை ஹெட்லைட் பல்பும் டெயில் பல்பும் சேர்ந்தே ஃபியூஸ் போகின்றன. நல்ல கம்பெனி பல்புதான் போடுகிறேன்.

பதில்: பல்பின் மேல் குற்றம் இல்லை. உங்கள் வண்டியில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போவதில்லை. என்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட்டிலிருந்து நேராக ஏ.சி. போகிறது. அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது மங்கி, முறுக்கினால் பிரகாசமாகிறது. முறுக்கும்போது எழும் கூடுதல் மின்சாரத்தை வண்டியின் உடம்பில் இறக்கிவிடுவது ரெகுலேட்டரின் வேலை. அதன் எர்த் ஒயர் தளர்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் இறக்கிவிட வழியில்லாமல் மொத்தமும் பல்பில் பாயும். ரெகுலேட்டரை விலைக்கு வாங்கும் முன் அதன் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். என் கடையில் இந்தக் கோளாறோடு வருபவற்றில் பல வண்டிகள் இந்த ஒரு போல்ட்டோடு சரியாகிவிடுகின்றன.

கேள்வி (சேலம்): அண்ணா, அதேபோன்ற பழைய வண்டியில் எல்.இ.டி. பல்பு போட்டேன். நடுங்கி நடுங்கி எரிகிறது. 60 வாட் ஹாலஜன் போட்டுவிடவா?

பதில்: வேண்டாம் தம்பி. நடுங்குவதற்குக் காரணம் ஏ.சி. மின்சாரம். டி.சி.க்கான எல்.இ.டி.யை அதில் மாட்டினால் அப்படித்தான் எரியும். 35 வாட்டுக்குச் செய்த மேக்னெட்டும் சுவிட்சும் 60 வாட்டைத் தாங்காது. முதலில் ஹேண்டில் சுவிட்ச் உருகும். 35 வாட் பல்பையே போட்டு, மங்கிய ரிஃப்ளெக்டரை மாற்றுங்கள்.

கேள்வி (கடலூர்): புதிய பேட்டரி போட்டும் இரண்டு வாரத்தில் இறங்குகிறது. எந்த கம்பெனி பேட்டரி நல்லது?

பதில்: தஞ்சாவூர் ஆசிரியைக்கு எழுதிய பதிலைப் படித்து மூன்று அளவுகளையும் எடுங்கள். கம்பெனி பெயர் பிறகு.

கேள்வி (புதுக்கோட்டை): அப்பாவின் 1984 பஜாஜ் சேத்தக் இன்னும் வைத்திருக்கிறேன். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தது போல் இருக்கிறது. நான் வேலை கற்றுக்கொண்டதே சேத்தக்கில்தான். பேட்டரி இல்லாமல் மேக்னெட்டின் சக்தியிலேயே நெருப்பும் வெளிச்சமும் ஹாரனும் வாங்கிய வண்டி அது. முறுக்கினால் ஹாரனின் குரலே மாறும்.

நின்ற அதே நிமிடத்தில், ஆறுவதற்குள், இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து மூடி, உடனே கிக்கர் அடியுங்கள். ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, மின்வேலையே இல்லை. ஓடவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, என்ஜின் உடம்பில் படவைத்துக் கிக்கர் அடியுங்கள். வெளியே பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. துணியால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். பொறி நீலமாக, ‘சட் சட்’ என்று வர வேண்டும். சூட்டில் பொறி மஞ்சளாகவோ இல்லாமலோ இருந்து, ஆறிய பிறகு நீலமாக வந்தால் சந்தேகம் கன்டென்சர் மேல், அதாவது பாயின்ட் என்னும் பொறிச் சுவிட்சைக் கருகாமல் காக்கும் சிறு உருளை மேல். அது சரியென்றால் உள்ளே இருக்கும் இக்னிஷன் காயில்; அதன் பூச்சு சூட்டில் விட்டுப்போய் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

கன்டென்சர் மாற்றும்போது பாயின்ட்டையும் பாருங்கள். கன்டென்சர் கெட்டிருந்தால் பாயின்ட்டின் முகம் கருகியிருக்கும். ஃப்ளைவீலின் ஜன்னல் வழியே ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்கான புல்லரை மட்டும் பயன்படுத்துங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்க் கோணும், காந்தமும் பலம் இழக்கும். நாற்பது வருட வண்டியை ஒரு தட்டில் இழக்க வேண்டாம்.

கேள்வி (கரூர், மெக்கானிக்): தம்பி, முப்பத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது தவறு என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். கழற்றியதும் வண்டி நின்றால் சார்ஜிங் இல்லை, ஓடினால் இருக்கிறது. நான் பார்த்து ஒரு வண்டியும் கெட்டதில்லை.

பதில்: அண்ணா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தச் சோதனை உங்களுக்கு உண்மையைச் சொல்வதில்லை. பல பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர்களில் பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கு மின்சாரம் மேக்னெட்டின் தனிக் காயிலிலிருந்து வருகிறது. சார்ஜிங் காயில் அறுந்து கிடந்தாலும், பேட்டரியே இல்லாவிட்டாலும் அந்த என்ஜின் ஓடும். ‘ஓடுகிறது, சார்ஜிங் இருக்கிறது’ என்று நீங்கள் சொல்லி அனுப்பிய வண்டிகளில் சில, பத்து நாளில் வேறு கடைக்குப் போயிருக்கும்.

கேள்வி (ஈரோடு): இடையில் வருவதற்கு மன்னியுங்கள். என் வண்டியில் ஒருவர் இப்படிக் கழற்றினார். முறுக்கிய நொடியில் மீட்டர் போர்டு பல்பு, இண்டிகேட்டர் பல்பு எல்லாம் ஒன்றாகப் போயின.

பதில்: நடக்கக்கூடியதுதான். எழுந்து தணியும் மின்சாரத்தை விழுங்கிச் சமன் செய்வது பேட்டரிதான். அதை எடுத்துவிட்டால் அந்த அலை முழுவதும் மற்ற பாகங்களின் தலையில் இறங்கும்.

கேள்வி (கரூர்): எஃப்.ஐ. வண்டியில் செய்ய மாட்டேன், சரி. கார்புரேட்டர் வண்டிக்கு எதற்கு இந்தப் பயம்? மீட்டர் இல்லாத காலத்தில் விளக்கைப் பார்த்தே கோளாறு சொன்னவர்கள் நாங்கள்.

பதில்: எஃப்.ஐ.யில் செய்ய மாட்டேன் என்றீர்களே, அதுவே எனக்குப் பெரிய திருப்தி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு விற்ற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் எஃப்.ஐ. உங்களிடம் வேலை கற்கும் பையன் நாளை அதிலும் டெர்மினலைக் கழற்றுவான். வண்டியின் மூளையான ஈ.சி.யு. போனால் அதன் விலை பேட்டரியைப் போலப் பல மடங்கு. வண்டிக்காரர் உங்கள் கடை வாசலில்தான் நிற்பார்.

விளக்கைப் பார்த்துச் சொல்லும் உங்கள் வித்தையை நானும் ஏற்றுக்கொள்கிறேன், அதை விட்டுவிடாதீர்கள். பேட்டரி இணைப்பிலேயே இருக்கட்டும். பிரேக் விளக்கை எரியவிட்டு என்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். முறுக்கும்போது அந்த விளக்கு சற்றுத் தெளிந்தால் சார்ஜ் ஏறுகிறது. துளியும் மாறவில்லை என்றால் சந்தேகப்படலாம். ஹெட்லைட்டை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பழைய வண்டியில் அது வேறு லைன். இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம் அண்ணா. பலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (திருப்பூர்): ஃபியூஸ் அடிக்கடி போகிறது. கடைக்காரர் செப்புக் கம்பி கட்டிக் கொடுத்தார். இப்போது பிரச்சினை இல்லை.

பதில்: இப்போதுதான் பிரச்சினை ஆரம்பம். ஃபியூஸ் போனது எங்கோ ஒயர் உரசுகிறது என்று சொல்வதற்காக. இனி ஃபியூசுக்குப் பதில் ஒயர் எரியும், அதுவும் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில். இன்றே கம்பியை எடுத்துவிட்டு, பழைய ஃபியூசில் எழுதியிருந்த அதே ஆம்பியர் அளவில் புதியது போடுங்கள். ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் கட்டு தேய்ந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (ஓசூர்): என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறவில்லை.

பதில்: அது என் துறை அல்ல. கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். லித்தியம் பேட்டரிப் பெட்டியை வெளியில் யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): பேட்டரி புதியதுதான், ஆனாலும்…

பதில்: தஞ்சாவூர் பதில். மூன்று அளவுகள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சீட் வரை மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்த்துக் கெடுத்துக்கொண்டேன். அடுத்த மழைக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூழ்கிய வண்டியில் சாவியே போடாதீர்கள். முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. நெகட்டிவை முதலில் கழற்றுங்கள்; பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பிறகு கண்ணில் படும் ஒவ்வொரு கப்ளரையும் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) பிரித்து உதறி உலரவிடுங்கள். என்ஜின் ஆயிலைத் திறந்து பாருங்கள்; மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஆயில் மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஏர் ஃபில்டரும் நனைந்திருக்கும். வெள்ளம் வருமென்று தெரிந்தால் முந்தின நாளே வண்டியை மேட்டில் ஏற்றிவிடுவதற்கு ஈடான வைத்தியம் என்னிடம் இல்லை.

கேள்வி (மதுரை): வீட்டிலிருந்து கடை ஒரு கிலோமீட்டர். அதனால்தான் சார்ஜ் ஏறவில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. செல்ஃப் 50 ஆம்பியர் இழுத்து இரண்டு நொடி சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஆம்பியர் சார்ஜில் அதை ஈடுகட்ட ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓட வேண்டும். ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு உங்கள் ஒரு கிலோமீட்டர் ஏறத்தாழப் போதும். ஐந்தாறு முறை அழுத்த வேண்டிய வண்டிக்குப் போதாது. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கிக்கர் இருந்தால் பயன்படுத்துங்கள். வெளியில் சார்ஜ் ஏற்றினால் 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியரில் பத்து மணி நேரம். கார் பேட்டரி சார்ஜரில் மாட்டி ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருவதாகச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், ஆசிரியை): ஐயா, மறுபடி நான்தான். மாணவனின் அப்பாவிடம் மீட்டர் வாங்கி அளந்தேன். காலையில் 12.1. ஒழுகல் 0.3 மில்லி ஆம்பியர். முறுக்கும்போது 12.2, அதற்கு மேல் ஏறவில்லை.

பதில்: அருமை அம்மா. ஒழுகல் இல்லை, என் முதல் சந்தேகம் தவறு. சார்ஜ்தான் வரவில்லை. இனி இரண்டே இடம். மேக்னெட்டிலிருந்து ரெகுலேட்டருக்கு வரும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் கோளாறு அங்கேயே இருக்கிறது. கப்ளர் சுத்தமாக இருந்தால் என்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, மேக்னெட் பக்கத்துச் சார்ஜிங் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். முறுக்க முறுக்க வோல்ட் ஏறினால் காயில் நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டரை மாற்றுங்கள். ஏறவில்லை என்றால் காயில். ஓம் (மின்தடை) அளவில் அந்த ஒயர் எர்த்தோடு சேர்ந்திருப்பதாகக் காட்டினால் பயப்படாதீர்கள். உங்கள் மாதிரி வண்டியில் காயிலின் ஒரு முனையே எர்த்தில்தான் இருக்கும். அதைப் பார்த்துக் ‘காயில் ஷார்ட்’ என்று யாரும் காசு வாங்கிவிடக் கூடாது.

கேள்வி (தஞ்சாவூர், ஆசிரியை): கப்ளரைப் பிரித்தேன். மஞ்சள் ஒயர்ப் பக்கம் ஒன்றுமில்லை, வெள்ளை ஒயரின் பின் கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கிறது.

பதில்: கிடைத்துவிட்டது. அந்தக் கருகிய பின்னைச் சுரண்டி மறுபடி செருகச் சொன்னால் கேட்காதீர்கள், மாதம் தாங்காது. இரண்டு பக்கக் கப்ளரையும் புதிதாகப் போட்டு, ஒயரின் கருகிய பகுதியைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, புதிய பின்னை அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். பிறகு இப்போதிருக்கும் பேட்டரியை ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றிப் பொருத்துங்கள். முறுக்கும்போது 14 வோல்ட்டைச் சுற்றி வந்தால் பேட்டரிக் கடைப் பக்கம் போக வேண்டாம். வரவில்லை என்றால் ரெகுலேட்டர். அந்த அளவையும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.