கோடையில் சைக்கிள் கிளப்போடு 80 கிலோமீட்டர் கிராமப்புறச் சவாரி: புதிதாகச் சேர்ந்தவரால் சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும். தனியாக 40 கிலோமீட்டர் போய்விட்டு வந்து, அப்புறம் வீட்டு வேலையையும் பார்க்க முடிகிறதென்றால், குழுவோடு 80 எட்டாத தூரமில்லை. ஆனால் உங்கள் கால் பலத்தைவிட எந்தக் குழுவோடு போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பெயர் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: கடைசி ஆளுக்குப் பின்னால் யார் வருவார்? "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்பது பதிலே இல்லை. அந்த வேலைக்கென்று ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் பெரும்பாலும் நான்தான் அந்த ஆள், விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்வேன். கீழே சொல்வதெல்லாம் பின்னாலிருந்து பார்த்தவை.

குழுவில் தூரம் சுருங்குவதற்குக் காரணம் காற்று. சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ள மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். முன்னால் போகிறவரின் மறைவில் ஓட்டினால் இதில் நல்ல பங்கு மிச்சம். புதியவர் ஒரு சைக்கிள் நீளம் விட்டே போகலாம், அதிலும் பலன் உண்டு. ஒன்று மட்டும் வேண்டாம்: உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக் கூடாது. குழியைப் பார்த்து அவர் லேசாக ஒதுங்கினாலே இரண்டும் உரசும். அவர் போய்க்கொண்டே இருப்பார், விழுவது நீங்கள்தான்.

புதிதாக வருபவர்கள் கூச்சப்பட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் கஷ்டமான இடமே அதுதான். வளைவில் முதல் ஆள் மெதுவாகத் திரும்பி மறுபடி வேகமெடுப்பார். பத்தாவது ஆள் அதே வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்வரிசை எங்கோ போயிருக்கும். வரிசை ரப்பர் மாதிரி இழுபடும், அதன் நுனியில் இருப்பவர் ஒவ்வொரு வளைவுக்கும் விரட்டிப் பிடிக்க வேண்டும். அதனால் இரண்டாவது, மூன்றாவது இடத்தைக் கேட்டு வாங்குங்கள். முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்க வேண்டிய உங்கள் முறை வந்தால், "நான் புதுசு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கலாம். நல்ல குழுவில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எனக்கு மனசே பொறுக்காத ஒரு பழக்கம் இருக்கிறது. வேகமாகப் போனவர்கள் மர நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சு வாங்க வந்து காலை ஊன்றியதும், "சரி, எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடையாது! கடைசி ஆள் வந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்க வேண்டும். கோடையில் இதில் சமரசமே கூடாது.

ஏனென்றால் வெயில் ஏமாற்றும். ஓடும்போது எதிரே வரும் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். ஹெல்மெட் வாரைப் பாருங்கள், வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். பின்காற்று அடித்தால் எல்லோருக்கும் குஷி, ஆனால் காற்றின் வேகமும் உங்கள் வேகமும் ஒன்றானால் உடம்பில் காற்றே படாது. மேட்டில் மெதுவாக ஏறும்போது பின்காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். வெயிலில் ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை, சிலருக்கு அதற்கு மேலும் வியர்வை போகும். தாகத்துக்குக் காத்திருக்காமல் கால் மணிக்கொரு தடவை கொஞ்சம் குடியுங்கள். மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறையும், ஆகவே உப்பு கலந்த பானமும் வேண்டும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் சிறு சவாரிகளாகப் போய்வருவது நல்லது.

யாராவது தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ சவாரி அங்கேயே முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். நம்பாதீர்கள். அந்த நிலையில் அவருக்கே தெரியாது. பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதே இதற்காகத்தான்.

கிராமப்புறச் சாலையில் முள், வளைவில் சிதறிய ஜல்லி, குறுக்கே வரும் கால்நடைகள் எல்லாம் இருக்கும். கால்நடைகளைக் கண்டால் மணி அடித்து மிரட்டாமல் வேகத்தைக் குறையுங்கள். உங்கள் டயர் அளவுக்கேற்ற மாற்று ட்யூப், பம்ப் இரண்டும் உங்களிடமே இருக்கட்டும். பஞ்சரானால் புது ட்யூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் புது ட்யூபும் போய்விடும்.

கிளம்பும் நேரத்தைப் பொறுத்தவரை, விடிந்ததும் ஓட்டத் தொடங்கும் குழுவையே தேர்ந்தெடுங்கள். ஏற்றங்கள் முதல் பாதியில் வருகிற பாதையாக இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் எங்கே குறுக்காகத் திரும்பலாம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வழி இருந்தால், முடியாத நாளில் 80ஐ 50ஆக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.