வயிற்று ஸ்கானில் பொலிப் தெரியுமா?

மட்டக்களப்பு மாவட்டத்தில் 32 ஆண்டுகள் ரேடியோகிராபராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பெருங்குடலின் உட்சுவரில் வளரும் பொலிப் என்ற சதை முளையையும் புற்றுநோயையும் எந்தப் பரிசோதனை எவ்வளவு காட்டும் என்று கேளுங்கள், சொல்கிறேன். மருந்தும் சத்திரசிகிச்சையும் உங்கள் வைத்தியருக்கு உரியவை. மலத்துடன் இரத்தம் போனால் மூலம் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். இதை இன்று பல தடவை சொல்வேன்.

ஏறாவூர்: ஐயா, வாப்பாவுக்கு 61 வயது. இரண்டு மாதமாக மலத்தில் இரத்தம் போகிறது. வயிற்று ஸ்கான் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்தது. இனிப் பயமில்லைதானே?

மகள், அந்த றிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். நீங்கள் எடுத்தது அல்ட்ராசவுண்ட். அது ஒலியைக்கொண்டு பார்க்கிறது. குடலுக்குள் காற்று இருப்பதால் அதில் பட்ட ஒலி சிதறிவிடும், அப்பால் இருப்பது தெரியாது. ஈரலையும் பித்தப்பையையும் பார்க்க அது அருமையான கருவி. குடலின் உட்சுவரில் பயறு அளவில் ஒட்டியிருக்கும் பொலிப் அதில் அகப்படாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது பேரியம் எனிமாதான்; பேரியக் கரைசலை மலவாசல் வழியாகக் குடலுக்குள் ஏற்றி எடுக்கும் எக்ஸ்-ரே அது. படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். ஒரு வருடமாக மூலத்துக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தவர். படத்தைக் கழுவி வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். அகலமாக வந்த வெள்ளைக் குழாய் ஓரிடத்தில் நூலாக ஒடுங்கி, இரு பக்கமும் தோள்போல மேடு தட்டி, மறுபடியும் அகன்றது. ஆப்பிளைச் சுற்றிக் கடித்தபின் மிஞ்சும் நடுத்தண்டு போன்ற வடிவம். அந்த வடிவம் தெரிந்தால் அது புற்றுநோய் என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். வெளியே வாங்கில் அவர் மனைவி சோற்றுப் பொதியை மடியில் வைத்தபடி காத்திருந்தார். அந்த ஒரு வருடத்தை யாராலும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

வாப்பாவுக்குத் தேவைப்படுவது கொலனோஸ்கோபி, அதாவது மலவாசல் வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கல்முனை: அந்தப் பேரியம் எனிமாவை இப்போதும் செய்யலாமா?

வேறு வழி இருந்தால் வேண்டாம். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு சென்டிமீற்றருக்கு மேற்பட்ட பொலிப்களில் 48 வீதத்தைத்தான் அது காட்டியது. பெரியவற்றிலேயே பாதிக்கு மேல் தப்பிவிட்டன.

வாழைச்சேனை: எனக்கும் வயிற்று ஸ்கான் நல்லதாக வந்தது, ஆனால் மலச்சிக்கல் இருக்கிறது...

ஏறாவூர் மகளுக்கு எழுதியதைப் படியுங்கள்.

களுவாஞ்சிக்குடி: ஐயா, என் மைத்துனர் ரொறன்ரோவில் இருக்கிறார். கமெராக் குழாய் விடாமல் சீ.ரி. ஸ்கானிலேயே அவருக்குக் குடல் முழுவதையும் பார்த்துவிட்டார்கள். அந்த வசதி இருக்கும்போது நம் ஆட்களை ஏன் குழாய் விட்டு வருத்துகிறார்கள்?

நல்ல கேள்வி தம்பி. அதற்கு சீ.ரி. கொலனோகிராபி என்று பெயர். வயிற்று வலிக்கு எடுக்கும் சாதாரண சீ.ரி. வேறு, இது வேறு. இதற்கும் குடலைக் கழுவ வேண்டும். மலவாசலில் சிறு குழாய் வைத்து கார்பன்டையொக்சைட்டால் குடலை ஊதி விரிப்போம். பிறகு மல்லாக்க ஒரு படம், குப்புற ஒரு படம். ஏன் இரண்டு? மிஞ்சிய மலத்துண்டும் பொலிப்பும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆளைப் புரட்டினால் மலத்துண்டு கீழ்ப்பக்கம் உருண்டுவிடும், பொலிப் தன் சுவரை விடாது. முதல் நாளே மருந்து குடிக்கக் கொடுத்து, மிஞ்சும் மலத்தைப் படத்தில் வெள்ளையாகத் தெரியவைப்பதும் உண்டு.

பத்து மில்லிமீற்றருக்கு மேற்பட்டவற்றை இது நன்றாகவே காட்டும். ஐந்துக்குக் கீழே நம்ப முடியாது. பாய்போலத் தட்டையாகப் படர்வதும் தப்பலாம். கண்டாலும் வெட்டி எடுக்க இதற்குக் கை இல்லை. எடுக்க மறுபடியும் கொலனோஸ்கோபிதான்.

காத்தான்குடி: சேர், நீங்கள் ஒரு பக்கமாகச் சொல்கிறீர்கள். 2003இல் அமெரிக்காவில் 1,233 பேரை இரண்டு முறையிலும் பார்த்தார்கள். பத்து மில்லிமீற்றரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் சீ.ரி. ஸ்கான் 93.8 வீதத்தைக் கண்டது, கமெரா 87.5 வீதத்தை. ஸ்கான்தானே வென்றது? குழாயால் குடல் ஓட்டையாகும் ஆபத்தும் இல்லை.

எண்கள் சரி, படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. அதே ஆய்வில் அடுத்த வரியையும் சொல்லுங்கள். ஆறு மில்லிமீற்றர் முதல் என்று எடுத்தால் ஸ்கான் 88.7, கமெரா 92.3. அந்தப் படங்களை வாசித்தவர்கள் அதற்கென்றே பயின்றவர்கள். இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது, வாசிக்கும் கண் வேண்டும். ஓட்டையாகும் ஆபத்து உண்மைதான், மறைக்கமாட்டேன். சோதனைக்காக மட்டும் செய்தால் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

களுவாஞ்சிக்குடி: அப்படியானால் சந்தேகம் இல்லாதவர்களுக்கு சீ.ரி. ஸ்கான், சந்தேகம் உள்ளவர்களுக்குக் கமெரா என்று வைத்துக்கொள்ளலாமா?

ஏறக்குறைய அப்படித்தான். அறிகுறியே இல்லாமல் வயதுக்காகப் பார்ப்பவருக்கு சீ.ரி. ஸ்கானும் ஏற்ற வழி. நன்றாக இருந்தால் ஸ்கானை ஐந்து ஆண்டிலும் கொலனோஸ்கோபியைப் பத்து ஆண்டிலும் திரும்பச் செய்யச் சொல்வார்கள். குழாய் வளைவைத் தாண்டாமல் நின்றுவிட்டவர், மயக்கம் தாங்காத முதியவர் ஆகியோருக்கு ஸ்கான் பெரும் உதவி. இரத்தம் போகிறவருக்கு நேராகக் கொலனோஸ்கோபி. அங்கே பார்ப்பதும் பொலிப்பை எடுப்பதும் ஒரே அமர்வில் முடியும், குடலையும் ஒரு முறைதான் கழுவ வேண்டும்.

காத்தான்குடி: அந்த ஒரு முறை கழுவல் என்ற காரணத்தை ஒப்புக்கொள்கிறேன்.

நன்றி. பொலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டளவு எடுக்கிறது. அந்தப் பத்து ஆண்டுக்குள் எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வராமலே போகும். கமெராவுக்காக நான் இவ்வளவு வாதாடுவது இதனால்தான்.

அக்கரைப்பற்று: எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கான்?

பொலிப் தேட இரண்டும் வேண்டாம். மலக்குடலில் புற்று உறுதியான பிறகு அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவை.

திருக்கோவில்: எனக்கு 38 வயது. அம்மாவுக்கு 52 வயதில் குடல் புற்றுநோய் வந்தது. வயிற்று ஸ்கான் எடுத்துப் பார்க்கட்டுமா?

வயிற்று ஸ்கான் வேண்டாம் என்று இத்துடன் மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். தங்கச்சி, உங்களுக்குக் கொலனோஸ்கோபி வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னால், இரண்டில் எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். உங்களுக்கு 40. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று விட்டுவிடாமல் இப்போதே வைத்தியரிடம் பதிந்துவையுங்கள். இரத்தம் கண்டால் அந்த இரண்டு வருடமும் கிடையாது. மூலம் என்று களிம்பு வாங்காதீர்கள்.

செங்கலடி: மலத்தில் மறைந்த இரத்தத்தைத் தேடும் சோதனை போதாதா?

அறிகுறி இல்லாதவருக்கு நல்ல தொடக்கம். இரத்தம் இருப்பதாக வந்தால் அடுத்தது கொலனோஸ்கோபி. அந்தச் சோதனையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கக் கூடாது.

ஏறாவூர்: ஐயா, வாப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். நாள் கிடைத்திருக்கிறது. சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்? இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறார்.

மனம் நிறைந்தது மகள். இரும்பு மாத்திரை குடல் சுவரில் கறுப்பாகப் படியும், அதனால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கேட்டு நிறுத்துங்கள். இரத்தம் உறையாமைக்கு ஏதாவது எடுத்தால் அதை நீங்களாக நிறுத்தவே வேண்டாம். கடைசி இரண்டு மூன்று நாளுக்குக் கீரை, தவிட்டரிசிச் சோறு, கொய்யா, எள்ளுருண்டை வேண்டாம். வெள்ளைச்சோறும் மீனும் போதும். முதல் நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். சிறுநீரக வருத்தம் இல்லையென்றால் இளநீர் குடிக்கலாம். சிவப்புக் குளிர்பானம் கொடுக்காதீர்கள், உள்ளே பார்க்கும்போது இரத்தம் போலத் தெரியும். கழுவும் மருந்தின் இரண்டாம் பகுதியைக் குடிக்கத்தான் வாப்பா முகம் சுளிப்பார். பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவையுங்கள். வெளியே போவது தெளிந்த மஞ்சள் நீராக வரும்வரை குடல் சுத்தமாகவில்லை.