சூப்பர்வைசர் பதில்கள்: தரைக்கடியில் கடை போடலாமா?

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். ஷென்டன் வேயில் 63 மாடி, 305 மீட்டர் உயரத்தில் ஒரு கட்டடம் வருகிறதாம். அந்தப் பக்கமெல்லாம் தரைக்கடியிலேயே கடைகளைப் பார்த்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்துவிடலாம் என்கிறான். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் யாராவது இப்படிக் கட்டினால் கீழ்த்தளத்தில் கடை பிடிக்கலாமா என்று கேட்கிறான். நீங்கள் அங்கே வேலை பார்த்தவர், சொல்லுங்கள்.
- ஒரு தாய், கீழக்கரை

பதில்: உயரத்தைப் பார்த்து நாம் வாய் பிளக்க வேண்டாம் அம்மா. ராமேஸ்வரம் தீவில் நிற்கும் டி.வி. கோபுரம் 323 மீட்டர். பாம்பன் பாலம் தாண்டும்போதே கண்ணில் படும். அதில் கடையும் இல்லை, குடியும் இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் மகன் சொல்லும் இடத்தில் நான் இருந்த காலத்தில் உருளை மாதிரி ஒரு 52 மாடிக் கட்டடம் நின்றது. அதை இடித்துவிட்டுத்தான் இதைக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே தஞ்சோங் பகாரில் 290 மீட்டர் குவோகோ டவர் 2016-ல் முடிந்தது. ரயில் நிலையத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு ரயிலுக்கு இறங்குகிறவர்கள் கடைகளைத் தாண்டித்தான் போகவேண்டும். வியாபாரம் நடக்கும் ரகசியம் அவ்வளவுதான். சிட்டி ஹால் ரயிலடியிலிருந்து தரைக்கடியிலேயே போகும் கடைத்தெருவான சிட்டிலிங்க் மால் 2000-லேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசி ஏசிக்காக அதில் நடப்பேன். ஒன்றும் வாங்க மாட்டேன் என்று வைராக்கியம். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, குடை வாங்கினேன்!

அரண்மனை வாசலிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம். ரயிலுக்காகப் பூமிக்குள் இறங்கும் கூட்டம் இல்லை. கையில் துணிப்பையும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிறவரைச் சும்மா படியிறங்கி வா என்றால் வரமாட்டார்.

அப்புறம் தண்ணீர். தேவிபட்டினத்தில் என் வீட்டுக்குச் சம்பு தோண்டினோம். ஆறடியில் ஊறிவிட்டது. மோட்டார் வைத்து இறைக்க இறைக்க, கொத்தனார் திட்டிக்கொண்டே கல் வைத்தார். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அந்த உப்புதான் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தின்னும்.

சிங்கப்பூரிலும் கடலோர மண் களிதான். தோண்டுவதற்கு முன்பே நாலு பக்கமும் ஆழமாகச் சுவர் இறக்கிவிடுவார்கள். ஒடுக்கமாகப் பள்ளம் வெட்டி, மண் சரியாமலிருக்க பென்டோனைட் என்ற களிமண் குழம்பை நிரப்பி, அதற்குள் கம்பிக்கூண்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் விடுவார்கள். குழம்பு மேலே வழியும். பார்க்கக் கஞ்சி, சட்டையில் பட்டால் சனியன். இத்தனை செய்தும் 2004 ஏப்ரலில் நிக்கல் ஹைவே பக்கம் ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். சுவருக்கு முட்டுக்கொடுத்த இரும்புகளின் இணைப்பு தாங்கவில்லை.

அங்கே ரயில் நிலைய வாசலைக் கவனிக்கச் சொல்லுங்கள். கீழே இறங்குவதற்கு முன்னால் சில படி மேலே ஏறவேண்டியிருக்கும். வெள்ளம் உள்ளே புகாமலிருக்கத்தான் அந்த மேடு. 2010 ஜூன் மழையில் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கட்டடத்தின் அடித்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நம் ஊர் ஐப்பசி மழையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

கடை பிடிப்பதென்றால் தரைத்தளத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, நிழல் விழும் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: அவ்வளவு உயரக் கட்டடம் காற்றில் ஆடாதா?
- ஒரு வாசகர், தொண்டி

பதில்: ஆடும். ஆடுகிற மாதிரிதான் கணக்குப் போடுகிறார்கள். தைபே 101 கட்டடத்தின் உச்சியில் ஆட்டத்தைக் குறைக்கவே 660 டன் இரும்புக் குண்டு ஒன்று தொங்குகிறது. நம் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாமல் ரயில் காத்திருந்தது. 60 மாடிக்கு அந்த வசதி கிடையாது, நின்ற இடத்திலேயேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.